போட்டோவுக்கு மேட் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆல்பம் பக்கம், வாழ்த்து அட்டை, சிறப்பு மலர், சிற்றிதழ் என்று எதையாவது கணினியில் வடிவமைக்க உட்காருகிறவர்கள் ஒரு கட்டத்தில் மேட் என்ற சொல்லில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். பல வருடங்களாக என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும், நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

மேட் என்றால் என்ன?

போட்டோவில் எது தெரியவேண்டும், எது மறையவேண்டும் என்று தீர்மானிக்கிற வடிவம்தான் மேட். ஒரு அட்டையில் வட்டமாகத் துளை வெட்டிப் போட்டோவின்மேல் வையுங்கள். துளைக்குள் இருப்பது மட்டும் கண்ணுக்குத் தெரியும். அட்டையை எடுத்துவிட்டால் போட்டோ முழுசாக அப்படியே இருக்கும். கணினியில் நடப்பதும் இதுதான். அட்டைக்குப் பதிலாக அங்கே ஒரு லேயரோ (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தாள் போன்றது) மாஸ்க்கோ (மறைப்பு) இருக்கிறது.

இந்தச் சொல் இரண்டு தொழில்களில் இருந்து வந்து சேர்ந்தது. படத்துக்குச் சட்டம் போடுகிறவர்கள் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே வைக்கிற, நடுவில் ஜன்னல் வெட்டிய தடித்த அட்டை ஒன்று. சினிமா இன்னொன்று. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பிரெஞ்சு இயக்குநர் ஜார்ஜ் மெலியெஸ் போன்றவர்கள் காட்சியின் ஒரு பகுதியைக் கறுப்பாக மறைத்துப் படமெடுத்து, ஃபிலிமைப் பின்னால் சுற்றி, மறைத்த இடத்தில் வேறொன்றைப் பதிவு செய்தார்கள். 1970களின் பிற்பகுதியில் கணினி வரைகலை ஆய்வாளர்களான எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் இருவரும் அந்த மறைப்பைப் படத்தின் நிறத் தகவலோடு சேர்ந்தே பயணிக்கிற தனி சேனலாக்கினார்கள். அதைத்தான் இன்றைக்கும் ஆல்ஃபா சேனல் என்கிறோம். 1984இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் எழுதிய கட்டுரை, மேட் வைத்துப் படங்களை ஒன்றன்மேல் ஒன்று சேர்ப்பதற்கான கணக்கை ஒழுங்குபடுத்திக் கொடுத்தது. உங்கள் மென்பொருள் உள்ளுக்குள் போடுவது அந்தக் கணக்கைத்தான்.

கிராப் செய்தால் போதாதா? மேட் எதற்கு?

செவ்வகமாக வெட்டத்தான் வேண்டும் என்றால் கிராப் போதும். ஆனால் கிராப் செய்து சேமித்துவிட்டால் வெட்டிய பகுதி போனதுதான். நான் ஆரம்பத்தில் ஒரு குடும்பப் போட்டோவை வட்டமாக வெட்டி, மூலக் கோப்பின்மேலேயே சேமித்துவிட்டேன். நடுவில் இருந்த குழந்தை அழகாக வந்திருந்தது. ஓரத்தில் நின்றிருந்த பாட்டி அந்த வட்டத்துக்குள் வரவில்லை. இரண்டு வருடம் கழித்து அவர் மறைந்தபோது அந்தப் போட்டோவைத் தேடினேன். கையில் இருந்தது வட்டம் மட்டும்தான். அன்றிலிருந்து போட்டோவை நான் வெட்டுவதே இல்லை. மறைக்கிறேன், அவ்வளவுதான். மேட் செய்கிற பெரிய உதவி இது: பக்கத்தில் எவ்வளவு சின்னதாகத் தெரிந்தாலும், கீழே போட்டோ முழுசாக இருக்கும்.

கிளிப்பிங் மாஸ்க், லேயர் மாஸ்க், ஃபிரேம் என்று மூன்று பெயர் வருகிறதே, மூன்றும் ஒன்றா?

வேலை ஒன்று, வழி வேறு.

கிளிப்பிங் மாஸ்க்கில் கீழே இருக்கிற லேயரின் வடிவம், மேலே இருக்கிற போட்டோவுக்கு எல்லையாகிறது. கீழே இதயம் வரைந்திருந்தால் போட்டோ இதயமாகத் தெரியும். கீழ் லேயரின் நிறம் எதுவானாலும் கவலையில்லை; அது எங்கே இருக்கிறது, எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதுதான் கணக்கு. கடையில் வாங்குகிற ரெடிமேட் மேட்கள் பெரும்பாலும் கறுப்பாகவோ சாம்பலாகவோ இருப்பதைப் பார்த்துப் பயப்படவேண்டாம், அந்தக் கறுப்பு போட்டோவுக்கு அடியில் போய்விடும்.

லேயர் மாஸ்க் போட்டோவின் கூடவே ஒட்டியிருக்கிற கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளை இருக்கிற இடத்தில் போட்டோ தெரியும், கறுப்பு இருக்கிற இடத்தில் மறையும், சாம்பல் இருக்கிற இடத்தில் பாதி மங்கலாகத் தெரியும். 8 பிட் கோப்பில் கறுப்பு (0) முதல் வெள்ளை (255) வரை 256 படிகள் உண்டு. அதனால்தான் ஓரம் கரைந்து பின்னணியில் கலப்பது மாதிரியான வேலைக்கு லேயர் மாஸ்க் அவ்வளவு வசதி.

ஃபிரேம் என்பது இன்டிசைன், ஸ்கிரைபஸ், கேன்வா போன்ற பக்க வடிவமைப்பு மென்பொருள்களில் வருகிற காலிப் பெட்டி. படத்தை அதற்குள் போட்டால் பெட்டியின் வடிவத்துக்கு அடங்கிவிடும். ஓரம் கூர்மையாக, கத்தியால் வெட்டியது போல இருக்கும்.

என் பழக்கம் இது: தெளிவான வடிவம் என்றால் ஃபிரேம் அல்லது கிளிப்பிங் மாஸ்க்; ஓரம் கரையவேண்டும் என்றால் லேயர் மாஸ்க்.

ஃபோட்டோஷாப்பில் எப்படிச் செய்வது?

மேட் லேயரைக் கீழே வையுங்கள். போட்டோ லேயரை அதற்கு நேர் மேலே கொண்டுவாருங்கள். போட்டோ லேயரைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + ஆல்ட் + ஜி அழுத்துங்கள். மேக் கணினியில் கமாண்ட் + ஆப்ஷன் + ஜி. லேயர் பட்டியலில் போட்டோ கொஞ்சம் உள்ளே தள்ளி, கீழ்நோக்கிய சின்ன அம்புக்குறியோடு நிற்கும். வேலை முடிந்தது. அப்புறம் மூவ் டூலால் போட்டோவை நகர்த்தினால் மேட் அசையாது, உள்ளே இருக்கிற காட்சி மட்டும் நகரும். அளவு மாற்ற கன்ட்ரோல் + டி.

லேயர் மாஸ்க்கில் வேலை செய்யும்போது மூன்று விசைகள் கைக்குப் பழகிவிட்டால் நேரம் மிச்சம். மாஸ்க்கின் சின்னப் படத்தை ஷிஃப்ட் பிடித்து கிளிக் செய்தால் மாஸ்க் தற்காலிகமாக அணையும். ஆல்ட் பிடித்து கிளிக் செய்தால் மாஸ்க் மட்டும் கறுப்பு வெள்ளையாகத் திரையில் வரும். எக்ஸ் விசை கறுப்பையும் வெள்ளையையும் மாற்றிக்கொடுக்கும். மாஸ்க்கைச் சிவப்புப் பூச்சாகவும் பார்க்கலாம், அதற்குப் பின்சாய்கோடு விசை. ஏன் சிவப்பு என்று ஒரு மாணவர் கேட்டார். அச்சகங்களில் முன்பு ரூபிலித் என்ற சிவப்பு ஃபிலிமைக் கத்தியால் வெட்டித்தான் மறைத்தார்கள். அங்கே படம் பதியப் பயன்பட்ட ஃபிலிமுக்குச் சிவப்பு ஒளி உறைக்காது என்பதால் சிவப்பு கறுப்புக்குச் சமம். அந்த நிறம்தான் திரைக்கும் வந்துவிட்டது.

என்னிடம் ஃபோட்டோஷாப் இல்லை. வேறு வழி?

தாராளமாக இருக்கிறது. ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் மேட் லேயரின்மேல் வலது கிளிக் செய்து 'ஆல்ஃபா டு செலெக்ஷன்' கொடுங்கள். பிறகு போட்டோ லேயருக்குப் போய் 'ஆட் லேயர் மாஸ்க்' எடுத்து, அதில் 'செலெக்ஷன்' என்ற தேர்வைக் குறியுங்கள். மேட் லேயரை மறைத்துவிடலாம். பிறகு போட்டோவை நகர்த்தினால் மாஸ்க்கும் கூடவே நகரும் என்பது ஒன்றுதான் இதில் கவனிக்கவேண்டியது; அதனால் போட்டோவை முதலிலேயே சரியான இடத்தில் வைத்துவிடுங்கள்.

இங்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருளில் கதை தலைகீழ். அங்கே வடிவம் போட்டோவுக்கு மேலே இருக்கவேண்டும். இரண்டையும் தேர்ந்தெடுத்து 'ஆப்ஜெக்ட்' மெனுவில் 'கிளிப்' கொடுங்கள். இன்டிசைனில் போட்டோவை நகலெடுத்து, வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, 'பேஸ்ட் இன்ட்டூ' கொடுத்தால் உள்ளே போய் உட்காரும். ஸ்கிரைபஸில் வரைந்த வடிவத்தை இமேஜ் ஃபிரேமாக மாற்றலாம். கேன்வாவில் ஃபிரேமை இழுத்துப் போட்டு அதன்மேல் போட்டோவை விட்டால் போதும். இரட்டை கிளிக் செய்தால் உள்ளே நகர்த்தலாம். பவர்பாயின்ட்டில்கூட கிராப் பொத்தானுக்குக் கீழே 'கிராப் டு ஷேப்' இருக்கிறது.

கிளிப் செய்ததும் போட்டோ காணாமல் போகிறது. ஏன்?

பத்தில் ஒன்பது தடவை லேயர் வரிசை தப்பாக இருக்கும். ஃபோட்டோஷாப்பில் போட்டோ மேலே, மேட் கீழே. இங்க்ஸ்கேப்பில் நேர் எதிர். வரிசை சரியாக இருந்தும் ஒன்றும் தெரியவில்லை என்றால், போட்டோ மேட்டுக்கு வெளியே எங்கேயோ கிடக்கும். இழுத்து உள்ளே கொண்டுவாருங்கள்.

லேயர் மாஸ்க்கில் பிரஷ்ஷால் கறுப்பு தீட்டினால் போட்டோவின்மேலேயே கறுப்பு விழுகிறது என்றால், மாஸ்க்குக்குப் பதிலாகப் போட்டோ தேர்வாகியிருக்கிறது. மாஸ்க்கின் சின்னப் படத்தை ஒருமுறை கிளிக் செய்துவிட்டுத் தொடருங்கள்.

எந்தப் போட்டோவுக்கு எந்த வடிவம்?

மற்ற எல்லாவற்றையும்விட இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன். மென்பொருளில் நூறு வடிவங்கள் இருப்பதால் வடிவத்தை முதலில் பிடித்துவிட்டு, அதற்குள் போட்டோவைத் திணிக்கிறோம். திருப்பிச் செய்யுங்கள். போட்டோவை ஒரு நிமிடம் பாருங்கள். கண் முதலில் எங்கே போகிறது? அங்கிருந்து எந்தப் பக்கம் நகர்கிறது? எதை இழந்தால் போட்டோ தன் கதையை இழக்கும்? இதற்குப் பதில் கிடைத்தால் வடிவம் தானாக வரும்.

ஒரு முகம் மட்டும் என்றால் வட்டமோ நீள்வட்டமோ பொருந்தும், தலையே அந்த வடிவம்தானே. ஆனால் வட்டம் எவ்வளவு சாப்பிடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 3க்கு 2 என்ற விகிதத்தில் எடுத்த போட்டோவுக்குள் அடங்குகிற மிகப் பெரிய வட்டம், மொத்தப் பரப்பில் சுமார் 52 சதவீதம்தான். கிட்டத்தட்ட பாதி போட்டோ போய்விடுகிறது. நான்கு பேர் வரிசையாக நிற்கிற படத்தை வட்டத்துக்குள் போட்டால் இரண்டு ஓரத்தில் நிற்பவர்கள் பாவம். குழுப் போட்டோவுக்கு அகலமான செவ்வகம்தான், மூலையை வேண்டுமானால் லேசாக வளைத்துக்கொள்ளலாம்.

இதயம் இன்னும் கஞ்சம். மேலே நடுவில் ஒரு பள்ளம், கீழே ஒரு கூர்முனை. ஒற்றை முகத்தைச் சரியாக நடுவில் வைத்தால் பள்ளம் வந்து தலையை வெட்டும். இரண்டு முகங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற படம் என்றால் இரண்டு மேடுகளில் இரண்டு தலையும் உட்கார்ந்துகொள்ளும். இதயம் அதற்காகவே செய்தது போல இருக்கும்.

ஓடுகிற குழந்தை, பறக்கிற பறவை, திரும்பிப் பார்க்கிற முகம் என்று திசை உள்ள படங்களில், அந்தத் திசைப் பக்கம் கொஞ்சம் காலி இடம் விடுங்கள். வடிவத்தின் விளிம்பு மூக்குக்கு முன்னாலேயே வந்து நின்றால் பார்க்கிறவருக்கே மூச்சு முட்டும். கடல், மலை, வானம் மாதிரி விரிந்த காட்சிகளுக்குப் பிரஷ் தீற்றல் வடிவ மேட்கள் நன்றாக இருக்கும், ஓரத்தில் எது கரைந்தாலும் நஷ்டமில்லை. முகத்துக்கு அந்தத் தீற்றல் மேட் போடும்போது மட்டும் ஜாக்கிரதை. கண்ணின்மேலோ வாயின்மேலோ ஒரு கீறல் விழுந்தால் மொத்தப் பக்கமும் கெட்டுவிடும். போட்டோவை நகர்த்தியோ மேட்டைத் திருப்பியோ முகம் முழுதாகத் தெரியும்படி செய்யுங்கள். மூட்டு இருக்கிற இடத்தில், அதாவது மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகியவற்றில் விளிம்பு விழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். மூட்டுக்குச் சற்று மேலேயோ கீழேயோ விளிம்பு வந்தால் கண் உறுத்தாது.

ஒரே பக்கத்தில் எத்தனை வடிவம் பயன்படுத்தலாம்?

ஒன்று. மனசு கேட்கவில்லை என்றால் இரண்டு.

மேட் போட்டபின் அச்சில் போட்டோ மங்கலாக வருகிறது. திரையில் நன்றாக இருந்ததே?

நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது பொதுவான கணக்கு. 12 அங்குலச் சதுர ஆல்பம் பக்கம் என்றால் 3600க்கு 3600 பிக்சல். பலர் தவறவிடுகிற இடம் எதுவென்றால், போட்டோ மொத்தமாக எத்தனை பிக்சல் என்று பார்க்கிறார்களே தவிர, மேட்டுக்குள் தெரிகிற பகுதி எத்தனை பிக்சல் என்று பார்ப்பதில்லை. உங்கள் போட்டோ 4000க்கு 3000 பிக்சலாக இருக்கலாம். ஆனால் 4 அங்குல வட்டத்துக்குள் ஒரு முகம் மட்டும் நிறையும்படி பெரிதாக்கிவிட்டீர்கள், அந்த முகம் மூலப் போட்டோவில் 800 பிக்சல்தான் இருந்தது என்றால், அச்சில் கிடைப்பது அங்குலத்துக்கு 200 பிக்சல். 200 வரை பெரும்பாலும் சமாளிக்கலாம். 150க்குக் கீழே போனால் வட்டத்தைச் சின்னதாக்குங்கள், அல்லது முகத்தைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டுப் போட்டோவைச் சுருக்குங்கள்.

மேட்டும் பிக்சல்தான் என்பதை மறக்கவேண்டாம். சின்ன மேட்டை இழுத்துப் பெரிதாக்கினால் அதன் ஓரம் படிக்கட்டு மாதிரி ஆகும். வெக்டர் வடிவமாக (பிக்சலால் அல்லாமல் கோடுகளின் கணக்கால் வரைந்ததாக) இருந்தால் எந்த அளவுக்கு இழுத்தாலும் ஓரம் கூர்மையாக நிற்கும்.

ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிகிறது. எப்படிப் போக்குவது?

வெள்ளைப் பின்னணியில் இருந்து வெட்டியெடுத்த படத்தைக் கருநிறப் பக்கத்தில் வைத்தால் இது வரும். விளிம்பில் இருக்கிற பிக்சல்கள் பாதி படமும் பாதி வெள்ளையும் கலந்தவை. வெள்ளையை நீக்கினாலும் அந்தக் கலப்பு ஒட்டிக்கொண்டே வரும். ஃபோட்டோஷாப்பில் 'லேயர்' மெனுவின் கடைசியில் 'மேட்டிங்' என்று ஒன்று உண்டு. அதில் 'டிஃப்ரிஞ்ச்' எடுத்து 1 பிக்சல் கொடுத்துப் பாருங்கள். 'ரிமூவ் ஒயிட் மேட்', 'ரிமூவ் பிளாக் மேட்' இரண்டும் அங்கேயே இருக்கின்றன. மற்ற மென்பொருள்களில் செலெக்ஷனை (தேர்ந்தெடுத்த பகுதியை) 1 பிக்சல் உள்ளே சுருக்கி, ஓரத்தை மென்மையாக்க அரை பிக்சல் ஃபெதர் கொடுத்து, அதிலிருந்து மாஸ்க் எடுத்தால் போதும். முடி பறக்கிற ஓரங்களில் இது முழுசாக உதவாது. அங்கே சின்னப் பிரஷ்ஷை வைத்துப் பொறுமையாகத் தீட்டுவதுதான் வழி.

நிழலையும் பார்டரையும் எந்த லேயருக்குக் கொடுக்கவேண்டும்?

மேட் லேயருக்கு. கிளிப் ஆன போட்டோவுக்கு டிராப் ஷேடோ கொடுத்தால் அந்த நிழலும் மேட்டுக்குள்ளேயே அடைபட்டுவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. ஒரே பக்கத்தில் பல போட்டோக்கள் இருந்தால் எல்லா நிழலும் ஒரே பக்கம் விழவேண்டும். ஒன்று இடப்பக்கம், இன்னொன்று வலப்பக்கம் விழுந்தால், என்ன குறை என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்க்கிறவருக்கு ஏதோ உறுத்தும். ஓரம் கரைகிற மேட்டுக்கு நிழல் வேண்டவே வேண்டாம்.

சட்டம் போட்ட படம் மாதிரி, சுற்றி அட்டை வைத்த தோற்றம் வேண்டும்.

நிஜ அட்டையை நினைத்துக்கொண்டு செய்யுங்கள். ஜன்னலின் விளிம்பை 45 பாகைச் சாய்வில் வெட்டுவார்கள். அதனால் உள்பக்கம் அட்டையின் வெள்ளைக் கரு மெல்லிய கோடாகத் தெரியும். நீங்களும் போட்டோவைச் சுற்றி ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு, அதற்குள் மிக லேசான நிழல் கொடுங்கள்; அட்டை மேலே, படம் கீழே என்ற உணர்வு வந்துவிடும். அட்டையின் அகலம் நான்கு பக்கமும் சமமாக இருந்தால் படம் கீழே சரிவது போலத் தோன்றும். அதனால் கீழ்ப் பக்கத்தை மட்டும் கொஞ்சம் அதிகமாக விடுவது சட்டம் போடுகிறவர்களின் பழைய வழக்கம். மற்ற மூன்று பக்கம் 2 அங்குலம் என்றால் கீழே இரண்டரை. அட்டைக்கு நிறம் தேடும்போது போட்டோவின் நிழல் பகுதியில் இருந்து ஒரு நிறத்தை எடுத்து வெளுப்பாக்கிப் பயன்படுத்துங்கள். பளிச்சென்ற நிறம் படத்தோடு சண்டை போடும்.

ஒரே போட்டோவை மூன்று கட்டங்களில் பரப்பிக் காட்டுவது எப்படி?

மூன்று கட்டங்களையும் ஒரே லேயரில் வரையுங்கள், அல்லது வரைந்தபின் ஒரே லேயராகச் சேர்த்துவிடுங்கள். பிறகு போட்டோவை அதற்குக் கிளிப் செய்தால் போட்டோ மூன்றிலும் தொடர்ச்சியாக ஓடும். இன்டிசைனில் மூன்றையும் தேர்ந்தெடுத்து 'காம்பவுண்ட் பாத்' ஆக்கிவிட்டு உள்ளே போடலாம். கட்டங்களுக்கு நடுவில் இருக்கிற இடைவெளி யாருடைய முகத்தின்மேலும் விழாமல் பாருங்கள்.

எழுத்துக்குள் போட்டோ வைக்கலாமா?

வைக்கலாம், எழுத்தும் ஒரு மேட்தான். தடித்த எழுத்துரு, குறைந்த எழுத்துகள், பெரிய அளவு. தமிழ் எழுத்துகளில் சுழியும் கொம்பும் மெல்லியதாக இருப்பதால் அங்கே போட்டோ அடையாளம் தெரியாது. ஆகவே எழுத்துருவை இன்னும் தடிப்பாகத் தேர்ந்தெடுங்கள். முகங்களை எழுத்துக்குள் வைக்காதீர்கள். இலை, நீர், மணல், துணி மாதிரி எங்கே வெட்டினாலும் அடையாளம் மாறாத படங்கள்தான் இதற்குச் சரி.

சொந்தமாக மேட் செய்ய முடியுமா?

முடியும், செய்துபாருங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் அகலமான தூரிகை கொண்டு இரண்டு மூன்று இழுப்பு இழுங்கள். ஓரத்தில் மை தீர்ந்து மயிர் மயிராக விழுகிற இடம்தான் அழகு. நன்றாகக் காயவிட்டு அங்குலத்துக்கு 600 பிக்சலில் ஸ்கேன் செய்யுங்கள். சாம்பல் நிறப் படமாக மாற்றி, 'லெவல்ஸ்' மூலம் தாளின் மங்கலைத் தூய வெள்ளையாக்கி, மையை முழுக் கறுப்பாக்குங்கள். ஜிம்பில் 'கலர் டு ஆல்ஃபா' கொடுத்து வெள்ளையை நீக்கினால் மை மட்டும் ஒளிபுகும் பின்னணியில் மிஞ்சும், மேட் தயார். ஃபோட்டோஷாப்பில் என்றால் கறுப்பையும் வெள்ளையையும் கன்ட்ரோல் + ஐ கொண்டு மாற்றி, போட்டோவின் லேயர் மாஸ்க்கை ஆல்ட் கிளிக்கில் திறந்து அதற்குள் ஒட்டுங்கள். கிழித்த தாளின் ஓரம், காய்ந்த இலை, கட்டைவிரல் ரேகை எல்லாமே இப்படி மேட் ஆகும். உங்கள் குழந்தையின் கைத்தடத்துக்குள் அந்தக் குழந்தையின் போட்டோவை வைத்துப் பாருங்கள், வாங்கிய எந்த மேட்டும் அதற்கு ஈடாகாது.

செய்ததைப் பின்னணி இல்லாமல் சேமிக்க பிஎன்ஜி வடிவம் வேண்டும். ஜேபெக் ஒளிபுகும் தன்மையை வைத்துக்கொள்ளாது. காலியாக இருந்த இடத்தை வெள்ளையாலோ கறுப்பாலோ நிரப்பிவிடும்.

மேட் பேப்பர் என்கிறார்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

இல்லை. அது பளபளப்பில்லாத தாள்.

அச்சகத்துக்கு அனுப்பும்போது என்ன பார்க்கவேண்டும்?

பிடிஎஃப் கேட்டால், ஒளிபுகும் பகுதிகளை அவர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று விசாரியுங்கள். அச்சுக்கென்று உள்ள பிடிஎஃப் தரங்களில், எக்ஸ்-4 தரத்தில் அவை அப்படியே போகும். எக்ஸ்-1ஏ தரத்தில் முதலில் தட்டையாக்கித்தான், அதாவது ஒளிபுகும் பகுதிகளைக் கீழே இருப்பதோடு ஒன்றாக்கித்தான் அனுப்பமுடியும். தட்டையாக்கிய பிரதியைத் திரையில் 400 சதவீதம் பெரிதாக்கி, கரைகிற ஓரங்களில் கோடு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். மேட் பக்கத்தின் விளிம்பைத் தொட்டால் போட்டோவைப் பக்கத்துக்கு வெளியே 3 மில்லிமீட்டராவது நீட்டிவையுங்கள், வெட்டும்போது கத்தி கொஞ்சம் தள்ளி விழுந்தாலும் வெள்ளை தெரியாது. லேயர்களோடு இருக்கிற மூலக் கோப்பைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள்.

எல்லாம் முடித்தபின் வேறு போட்டோ வைக்கச் சொல்கிறார்கள். மறுபடி முதலிலிருந்தா?

வேண்டாம். ஃபோட்டோஷாப்பில் போட்டோவை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக (மூலப் படத்தை உள்ளே பத்திரமாக வைத்திருக்கிற லேயராக) வைத்திருந்தால், வலது கிளிக் செய்து 'ரீப்ளேஸ் கன்டென்ட்ஸ்' கொடுத்தால் போட்டோ மட்டும் மாறும், மேட், நிழல், பார்டர் எல்லாம் அப்படியே இருக்கும். இன்டிசைனில் ஃபிரேமைத் தேர்ந்தெடுத்துப் புதுப் படத்தை 'பிளேஸ்' செய்யுங்கள். இரண்டிலுமே புதிய போட்டோவில் முகம் வேறு இடத்தில் இருக்கும், அதை மேட்டுக்குள் நகர்த்திச் சரிசெய்ய ஒரு நிமிடம் ஒதுக்குங்கள்.